பூஜைக்கு வைத்த ஸ்பேனர்

சீட் போல்ட் ஒடிந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். ஒரு போல்ட் ஒடிவதற்கு வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்க, அது போயும் போயும் இந்த நாளைத்தான் பார்த்து வைத்திருந்தது. ரோசரிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தேட வேண்டிய அவசியமும் இல்லை. ஒடித்த ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், கையில் ஒரு ஸ்பேனரும் அதன் வாலில் செருகிய முழ நீள இரும்புக் குழாயுமாக.

"கொஞ்சம்தான் முறுக்கினேன்," என்றான் விக்டர்.

"குழாய் மாட்டி முறுக்குறதுக்குப் பேரு கொஞ்சமா?"

கல்லூரி ஆபீசில் டைப் அடிக்கிறவன் அவன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு குழாய் வாஷர் மாற்றிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் பக்கத்து வீட்டுக் காத்தமுத்துவிடம் ஸ்பேனரும் சுத்தியலும் இரவல் வாங்கி, அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சைக்கிளைச் சாய்த்துப் போட்டு ரிப்பேர் பார்த்திருக்கிறான்.

சைக்கிளின் சீட்டைத் தாங்கும் குழாய், ஃபிரேமின் வாய்க்குள் இறங்கி நிற்கும். அந்த வாய்க்குப் பின்பக்கம் இரண்டு காதுகள், இரண்டையும் கோத்து ஒரு போல்ட். முறுக்கினால் காதுகள் நெருங்கி, வாய் குழாயைக் கவ்விக்கொள்ளும். விக்டர் முறுக்கிய முறுக்கில் நட்டோடு வால் பக்கம் ஒடிந்து விழுந்தது. அந்தப் பதற்றத்தில் தலைப் பக்கம் சுத்தியலால் நாலு சாத்து சாத்தியதில் தலையும் போய்விட்டது. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நடுத்துண்டு மட்டும் காதுகளுக்குள் சிக்கி உட்கார்ந்திருந்தது. போன வருஷ வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த சைக்கிள் அது. துரு பிடித்த துண்டு அசைவேனா என்றது. புது போல்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழையது வெளியே வராமல் புதியது உள்ளே போகாது, அதுதான் சங்கடம்.

அதற்குள் காத்தமுத்துவே வாசலுக்கு வந்துவிட்டார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ராத்திரியே எல்லாத்தையும் கழுவி வைக்கணும், காலையில பூஜை," என்று சொல்லி ஸ்பேனரையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டு போனார்.

ரோசரி ஒடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு மறுநாள் விஜயதசமி. அன்று காலை எட்டு மணிக்கு அவள் கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஆலமேட்டுப்பட்டியில் சைக்கிளில் போய் இறங்க வேண்டும். அங்கே புதிதாகப் பால்வாடி திறக்கிறார்கள். டீச்சர் வேலை அவளுக்கு. ஊர்க் கமிட்டித் தலைவர் அடைக்கலம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு பஸ்ஸை நம்பி வந்தாங்க. முதல் மழையில பஸ் நின்னுச்சு, அவங்களும் நின்னுட்டாங்க. நீங்க சைக்கிள்ல வருவேங்கறீங்க. முதல் நாள் சைக்கிள்ல வந்து காட்டுங்க. இல்லேன்னா உள்ளூர்லயே ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு, அதுக்குக் கொடுத்துடறோம்."

இந்த வேலைக்காக ரோசரி டிரெய்னிங் முடித்து மூன்று வருஷம் காத்திருந்தாள். ஊர் மாற்றலாகிப் போன நர்ஸ் ஒருத்தியிடம் அந்த லேடீஸ் சைக்கிளை வாங்கி, சிந்தாமணித் தெருவில் எல்லாரும் வேடிக்கை பார்க்க, விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். விக்டர் வேண்டாம் என்று சொன்னதில்லை. கொள்ளிடம் பாலத்தில் காற்று தள்ளும் என்றான், மழைக்காலம் வருகிறது என்றான், கடைசியில் "உன் இஷ்டம்" என்றான். புருஷன் சொல்லும் அந்த "உன் இஷ்டம்" என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவள் ஏமாளி அல்ல. அதனால்தான் அன்று ராத்திரி படுக்கும்போது அந்த எண்ணம் வந்தது. வேண்டுமென்றே ஒடித்திருப்பானோ?

மறுநாள் விடிந்ததும் விக்டர் சட்டையை மாட்டிக்கொண்டான். "பொன்மலையில இன்னாசிராஜ் இருக்கான்ல, ரயில்வே பட்டறைக்காரன். அவன்கிட்ட ஏதாவது இருக்கும், பாத்துட்டு வரேன்," என்று போனான். இன்றைக்குப் பட்டறையிலும் பூஜைதானே என்று அவள் கேட்பதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டான்.

ரோசரி அவனை நம்பி உட்காரவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை சைக்கிள் கடை உண்டோ அத்தனையிலும் ஏறி இறங்கினாள். எல்லா வாசலிலும் வாழைக்கன்று, நடு ரோட்டில் உடைத்த பூசணிக்காய். வாடகை சைக்கிள்கள்கூட மாலையும் பொட்டுமாக வரிசையில் நின்றன. அவளை யாரும் விரட்டவில்லை. கை நிறையப் பொரி கொடுத்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள், ஸ்பேனர் மட்டும் கொடுக்கவில்லை. எடுத்தால் சாமி குத்தம், நாளைக்கு மறுபூஜை முடியட்டும் என்றார்கள். கடைசிக் கடைக்காரர் அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "ஸ்ரீரங்கத்துல அம்மா மண்டபம் ரோட்டு முனையில அற்புதசாமின்னு ஒருத்தர். உங்க ஆளுதான். அங்க கேட்டுப் பாருங்க," என்றார்.

கையில் பொரியும் மனதில் கொஞ்சம் தெம்புமாகக் காவேரிப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளினாள். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சீட் தொளதொளவென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே வந்தது.

கடை போர்டில் 'மாதா சைக்கிள் மார்ட்' என்று எழுதியிருந்தது. உள்ளே சுவரில் ஆரோக்கிய மாதா படம். அப்பாடா என்று ஏறியவள் அடுத்த கணமே நின்றுவிட்டாள். மாதா படத்துக்குக் கீழே ஒரு பலகை. அதன் மேல் சின்னதும் பெரியதுமாக ஸ்பேனர்கள், சுத்தியல், குறடு, அரம், காற்றடிக்கும் பம்ப். ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம். மேலே சாமந்தி மாலை.

அற்புதசாமிக்கு நாற்பது வயது இருக்கும். தொப்பையைத் தடவிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரோசரி விஷயத்தைச் சொன்னாள், பால்வாடியைச் சொன்னாள், அடைக்கலம் சொன்னதையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க நம்ம ஆளுதானே அண்ணே?" என்று கேட்டாள்.

"ஆளு நம்ம ஆளுதான் டீச்சர். ஸ்பேனர்தான் அவங்க ஆளு," என்றார் அற்புதசாமி. சொல்லிவிட்டுக் கடை மூலையைப் பார்த்தார். அங்கே ஒல்லியாக ஒருவர் தரையில் உட்கார்ந்து பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "அவர்தான் பிச்சை. கடை என்னுது, வேலை பூரா அவரோடது. பூஜையும் அவர் வச்சதுதான். அவர் சாமிக்கு வச்சதை நான் எப்படிங்க எடுக்கறது?"

பிச்சை எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார். "வருஷம் பூரா நமக்கு உழைக்குதுங்க. ஒரு நாள் படுத்திருக்கட்டுமே டீச்சரம்மா. நாளைக்கு ஒன்பதரைக்கு நல்ல நேரம், மறுபூஜை போட்டதும் முதல் வேலையா முடிச்சுத் தரேன்."

"ஒன்பதரைக்கு வேற ஒருத்தி என் நாற்காலியில உக்காந்திருப்பா," என்றாள் ரோசரி. இரும்புச் சாமான் மேல் இருக்கிற கவலை மனுஷி மேல் இல்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. கையிலிருந்த பொரியை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

அற்புதசாமிக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து ஒடிந்த இடத்தைப் பார்த்தார். "ஏன் பிச்சை, எதையெல்லாம் தொடக்கூடாது?"

"பொட்டு வச்சதைத் தொடக்கூடாது மொதலாளி."

"அந்தப் பழைய சாமான் டின்?"

பிச்சை டின்னைப் பார்த்தார். தேய்ந்த செயினும் உடைந்த பெடலும் கிடக்கும் துருப்பிடித்த டின். அதற்குச் சந்தனம் வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. "அது குப்பைங்க. குப்பைக்கு என்ன பூஜை."

"என் வீட்டு ஸ்டவ்? அம்மிக் குழவி?"

"உங்க வீட்டுல நாங்க எங்க பொட்டு வச்சோம்," என்றார் பிச்சை. அவர் முகத்திலும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அற்புதசாமி பம்ப் ஸ்டவ்வையும் குழவியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாடியே அவர் மனைவியின் குரலும் வந்தது. குழவி உடைந்தால் நாளையிலிருந்து மசாலாவில் வரும் கல்லை அவரே பொறுக்கித் தின்ன வேண்டுமாம்.

சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, அற்புதசாமி சீட்டைக் குழாயோடு உருவினார். குழாயைச் சுற்றியிருந்த ஏதோ ஒன்று பளபளவென்று கீழே விழுந்தது. ரோசரி எடுத்துப் பார்த்தாள். பால்பவுடர் டின்னை வெட்டி எடுத்த தகடு, இரண்டாக மடித்தது. ஓரம் கையைக் கிழிக்காமல் இருக்க நாலு பக்கமும் தேய்த்து மழுங்கடித்திருந்தது. அடுப்படியில் அலமாரிக்கு மேல் இருந்த டின் அது. அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"ஓ, இதுதான் விஷயமா," என்றார் அற்புதசாமி. "துரு தின்னு குழாய் மெலிஞ்சு போயிருக்கு. போல்ட்டை முறுக்கினாலும் சீட்டு சுத்தும். பாலத்துல போறப்ப சுத்துச்சுன்னா ஆளைக் கீழ தள்ளிடும். அதுக்குத்தான் இந்தத் தகட்டைச் சுத்தி வச்சிருக்காங்க. யோசனை சரி. ஆனா ரெண்டு மடிப்பு ஜாஸ்தி. காது நெருங்கவே நெருங்காது. நெருங்கலையேன்னு மேல மேல முறுக்கியிருக்காங்க. யாரு செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் ரோசரி. கொள்ளிடம் பாலத்தில் காற்று தள்ளும் என்று சொன்ன ஆள், தள்ளினாலும் அவள் விழக்கூடாது என்று உட்கார்ந்து தகரம் தேய்த்திருக்கிறான். அவளோ ராத்திரி முழுக்க அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. பொன்மலை வெயிலில் இந்நேரம் எந்த வாசலில் நிற்கிறானோ என்று நினைத்ததும் பாவமாகவும் இருந்தது.

ஸ்டவ் சீறிக்கொண்டு எரிந்தது. இரண்டு செங்கல் மேல் ஃபிரேமைக் கிடத்தி, போல்ட் சிக்கிய இடத்தைத் தீயில் காட்டினார்கள். பெயிண்ட் பொரிந்து நாறியது. டின்னிலிருந்து தேடியெடுத்த பழைய பெடல் அச்சை ஒடிந்த துண்டின் மேல் நிறுத்தி, குழவியால் ஓங்கிப் போட்டார் அற்புதசாமி. அசையவில்லை. இன்னும் நாலு போட்டார். குழவியில்தான் ஒரு சில்லு தெறித்தது.

"மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடலாம். நமக்கு அந்த ராத்திரி இல்லை," என்று நெற்றியைத் துடைத்தார். "மெழுகு இருந்தா நடக்கும். சுடச்சுட வச்சா தண்ணியா உருகி இண்டு இடுக்குல எல்லாம் இறங்கிடும். வீட்டுல நேத்து ஜெபமாலைக்கு ஏத்தினதோட மெழுகுவர்த்தி தீந்து போச்சு. கடையெல்லாம் பூட்டு."

ரோசரியின் கூடையில் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. பெரியது, புதியது. விஜயதசமி காலையில் வேலைக்குப் போகும் வழியில் மாதா சிலை இருக்கும் கெபியில் ஏற்றுவதாக நேர்ந்துகொண்டு, மூன்று வாரமாகத் தாளில் சுற்றி அதிலேயே வைத்திருந்தது. அவள் கை தன்னையறியாமல் கூடைக்குள் போனது, பாதியில் நின்றது. மாதாவுக்கு என்று வைத்ததைத் துருப்பிடித்த இரும்பில் தேய்ப்பதா?

பிச்சை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க டீச்சரம்மா?"

"மெழுகுவர்த்தி இருக்கு. மாதாவுக்கு நேந்துக்கிட்டது."

"அப்ப வேணாங்க," என்றார் பிச்சை உடனே. "சாமிக்கு வச்சதை எடுக்க வேணாம். வேற வழி பாப்போம்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் குத்தலே இல்லை. காலையிலிருந்து கடை கடையாக ஏறி, சாமிக்கு வைத்ததை எடுத்துக் கொடு என்று கேட்டு, கொடுக்காதவர்கள் மேலெல்லாம் கோபப்பட்டது ரோசரிக்கு உறைத்தது. அவரவர் கூடையில் கை நிற்கும்போதுதான் தெரிகிறது. தாளைப் பிரித்து மெழுகுவர்த்தியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை நடுவில் ஒடித்தாள்.

"பாதி மாதாவுக்கு. பாதி இதுக்கு. அவ பிள்ளை தச்சுப் பட்டறையில வேலை பாத்தவர்தான். புரிஞ்சுக்குவா," என்று நீட்டினாள்.

மறுபடி சூடு காட்டி, மெழுகை வைத்துத் தேய்த்தார்கள். மெழுகு புகைந்தது, உருகியது, காதுகளின் இடுக்கில் உறிஞ்சினாற்போல் உள்ளே இறங்கிக் காணாமல் போனது. மறுபடி சூடு, மறுபடி மெழுகு. பிச்சையால் சும்மா இருக்க முடியவில்லை, அவரே வந்து அச்சை நேராகப் பிடித்துக்கொண்டார். அற்புதசாமி குழவியை எடுக்க, ரோசரி, "நான் போடறேன் அண்ணே," என்று வாங்கிக்கொண்டாள். முதல் அடி சறுக்கியது. இரண்டாவது அடியில் சத்தம் மாறியது. அதுவரை கல்லில் அடித்ததுபோல் கேட்டது, இப்போது மரத்தில் அடித்ததுபோல் கேட்டது.

"நவுந்துருச்சுங்க," என்றார் பிச்சை.

இன்னும் மூன்று அடி. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத கறுத்த துண்டு ஒன்று மறுபக்கம் வந்து பொத்தென்று மண்ணில் விழுந்தது. இத்தனூண்டுக்கா இந்தப் பாடு என்று ரோசரி சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டின் தகட்டைக் கையாலேயே மடக்கி மடக்கி ஒடித்து, ஒரு மடிப்பை மட்டும் குழாயில் சுற்றினார் அற்புதசாமி. அவள் உயரத்துக்குச் சீட்டை இறக்கினார். புது போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நட்டைக் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருகினார். அப்புறம் மூன்று பேரும் ஒரே சமயத்தில் மாலைக்குக் கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார்கள். விரலால் திருகிய நட்டை நம்பி யாரும் கொள்ளிடம் தாண்ட முடியாது.

ரோசரி கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். பிச்சைதான் தொண்டையைக் கனைத்தார்.

"மொதலாளி, ஒன்பதரைன்னு நம்மதானே வச்சோம். பிரம்ம முகூர்த்தத்துக்கு ராகு காலம், எமகண்டம் எதுவும் பாக்க வேண்டியதில்லை. விடியக்காலம் அஞ்சு மணிக்கே கற்பூரம் காட்டி இறக்கிடலாம். டீச்சரம்மா போற வழிதானே. வருஷத்தோட முதல் வேலை பிள்ளைங்க படிப்புக்குன்னா சாமிக்கும் சந்தோஷம்தான்."

"அஞ்சு மணிக்கு நீ எழுந்திருப்பியா?" என்றார் அற்புதசாமி.

"நான் எழுந்திருப்பேன். உங்களை எழுப்பறதுதான் கஷ்டம்."

சாயங்காலம் விக்டர் வீட்டுக்கு வந்தான். வேட்டி ஓரமெல்லாம் புழுதி, கை காலி. "பொன்மலையில ஒருத்தன்கூட..." என்று ஆரம்பித்தவன் சைக்கிளைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். ரோசரி தகட்டின் மிச்சப் பாதியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"பயமா இருக்குன்னு சொன்னா நீ போகாம இருந்துடுவியோன்னு இருந்துச்சு. நீ போகணும் ரோசரி. விழாமப் போகணும், அவ்வளவுதான்," என்றான் விக்டர். அவன் இத்தனை நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலம் கடந்தார்கள். கடையில் பிச்சை குளித்து ஈரத் தலையோடு நின்றார். அற்புதசாமி கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். கற்பூரம் எரிந்து அணைந்ததும் பிச்சை மாலையை நகர்த்தி, பொட்டோடு ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரோசரியிடம் நீட்டினார்.

"அவர்கிட்ட குடுங்க," என்றாள் ரோசரி.

விக்டர் தயங்கி வாங்கினான். நட்டில் மாட்டி அரைச் சுற்று சுற்றினான், கால் சுற்று சுற்றினான், நிறுத்திவிட்டான். அற்புதசாமி சீட்டைப் பிடித்துத் திருப்பினார், திரும்பியது. "இன்னும் கொஞ்சம் சார்." விக்டரின் கை அசையவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

"முறுக்குங்க," என்றாள் ரோசரி. "ஒடிஞ்சா ஒடியட்டும். எடுக்க எனக்குத் தெரியும்."

விக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு முறுக்கினான். அற்புதசாமி "போதும்" என்று சொன்ன இடத்தில் சரியாக நிறுத்தினான். பிச்சை குங்குமக் கிண்ணத்தோடு வந்து, "ஹேண்டில் பாருக்கு வைக்கலாங்களா?" என்று கேட்டார். வைங்க என்றாள். மீதிப் பாதி மெழுகுவர்த்தியை விக்டரிடம் கொடுத்து, திரும்பும் வழியில் கெபியில் ஏற்றிவிடச் சொன்னாள்.

கொள்ளிடம் பாலத்தில் விக்டர் சொன்ன காற்று சொன்னபடியே இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்தது, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியது. ரோசரி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். சீட் ஓர் அங்குலம்கூடத் திரும்பவில்லை.

ஆலமேட்டுப்பட்டியில் அடைக்கலம் பால்வாடி வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவள் இறங்கியதும் வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் சைக்கிளைத்தான் பார்த்தார். கருகிய பெயிண்டைப் பார்த்தார், ஹேண்டிலில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார், அவள் கழுத்துச் சிலுவையையும் பார்த்தார். கடைசியில் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"உள்ள வாங்க டீச்சர்," என்றார். "பிள்ளைங்க வந்து உக்காந்தாச்சு."